கண்ணை மட்டும் விட்டுவிட்டு

ஷாமளா தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிவிடுகிறாள். இறங்கியதும் காதில் இயர்போனை மாட்டுகிறாள். அதன் மறுமுனை கைப்பைக்குள் சும்மா கிடக்கிறது, போனில் சொருகுவதில்லை. பிறகு வாய்விட்டுத் திட்டத் தொடங்குகிறாள். எதிரே வருகிறவர்கள், யாரோ ஒரு பாவப்பட்டவன் போனில் வாங்கிக் கட்டிக்கொள்கிறான் என்று நினைத்து ஒதுங்கிப் போகிறார்கள்.

பாசிர் கூடாங்கில் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் அவள் லைன் லீடர். காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை நின்றபடி வேலை. மெஷின் கெட்டாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும், ஆள் வராவிட்டாலும் அவள்தான். சூப்பர்வைசர் ஹேமநாதனை உள்ளே "போஸ்" என்பாள். சாலையில் அவன் வெறும் ஹேமநாதன். "டேய், நீ வந்து ஒரு மணி நேரம் அந்த மெஷின்கிட்ட நில்லுடா. கால் வீங்கட்டும், அப்புறம் டார்கெட் பேசு." பெட்ரோல் நிலையம் வரை அவன் பங்கு. அங்கிருந்து வாழைப்பழம் பொரித்து விற்கும் பீசாங் கோரெங் கடை வரை கணவன் ஜெயபாலன். தினமும் எல்லை தாண்டி சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் களைப்பு தனக்கு மட்டுமே உண்டு என்று நம்புகிறவன். கடைசிச் சந்து அவளுடைய அப்பாவுக்கு. சாஆ என்கிற ஊரின் தோட்டத்தில் அவளை பெல்ட்டால் அடித்து வளர்த்தவர். அவர் செத்துப் பதினோரு வருடமாகிறது. இன்னும் வாரத்தில் மூன்று நாளாவது திட்டு வாங்குகிறார்.

"வெளியவே கொட்டிட்டுப் போயிரணும்லா. வீட்டுக்குள்ள கொண்டுபோனா பிள்ளை தலையிலதான் விழும்," என்பாள். பிள்ளை என்றால் கவினேஸ்வரி, பத்து வயது. அவள்மேல் இதுவரை ஓர் அடி விழுந்ததில்லை என்பதுதான் ஷாமளாவுக்கு இருக்கும் ஒரே பெருமை.

பள்ளியில் ஒருமுறை பெற்றோருக்குக் கூட்டம் போட்டார்கள். கோட்டு மாட்டிக்கொண்டு வந்த ஒருவர், பிள்ளைகளிடம் அன்பாக இருங்கள், உங்கள் மனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், கோபம் வந்தால் பத்து எண்ணுங்கள் என்றார். ஷாமளா எழுந்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவள் எந்த நேரத்தில் மனத்தைப் பார்ப்பது, அந்த நேரத்தை யார் தருவார்கள் என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. அன்பாக இரு என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அரை மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை. அவர் சிரித்துவிட்டு திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

போன வியாழக்கிழமை மழை கொட்டியது. டிரைவர் தங்கராஜு நல்ல மனத்தோடு பஸ்ஸை அவள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். அன்று இரண்டு மணி நேரச் சரக்கு முழுவதும் ரிஜெக்ட் ஆகியிருந்தது. மூளை இருக்கிறதா என்று பத்துப் பேர் முன்னால் ஹேமநாதன் கேட்டிருந்தான். அவனை ஒரு வார்த்தைகூடத் திட்டித் தீர்க்காமல் ஷாமளா வீட்டுக்குள் நுழைந்தாள். கொடியில் துணியெல்லாம் தெப்பலாக நனைந்து தொங்கியது, மறுநாள் அவள் போட வேண்டிய யூனிஃபார்மும் சேர்த்து. மழை வந்தால் எடுத்து வை என்று காலையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கவினேஸ்வரி டேப்லெட்டில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷாமளாவின் கை ஓங்கிவிட்டது.

சிறுமி ஓடவில்லை, அழவும் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கம்பிகளை மடக்கி, மேசைமேல் வைத்தாள். பிறகு முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக் காட்டிக்கொண்டு நின்றாள்.

இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று ஷாமளா கேட்டாள். ஓங்கிய கை இன்னும் இறங்கவில்லை.

"ட்யூஷன்ல. கண்ணாடிய கழட்டி வெச்சிட்டுத்தான் கிட்ட போகணும். மறந்துட்டா இன்னொரு அடி கூட."

வாசுகி டீச்சர் வீட்டில் நடக்கும் ட்யூஷன் அது. சேர்க்கப் போன அன்று ஜெயபாலன், நம் ஆட்கள் காலங்காலமாக வாத்தியாரிடம் சொல்கிறதைத்தான் சொன்னான்: "கண்ண மட்டும் விட்டுட்டு எங்க வேணாலும் அடிங்க டீச்சர்." வணக்கம் சொல்வது மாதிரி ஒரு பேச்சு அது, யாரும் யோசித்துச் சொல்வதில்லை. டீச்சர் சிரித்தார். பக்கத்தில் நின்ற ஷாமளாவும் சிரித்தாள். ஊரையெல்லாம் தெருவில் திட்டித் தீர்த்து, தன் கையைச் சுத்தமாக வைத்திருந்ததாக நினைத்தவள், அடிக்கிற வேலையை வேறொருத்தியிடம் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

போனை எடுத்து அங்கேயே நின்று கூப்பிட்டாள். அலமாக் என்று பதறி, உங்கள் வீட்டுக்காரர் சொல்லித்தானே என்று ஆரம்பித்தார் டீச்சர். அதுவும் கன்னத்தில் லேசாகத்தான், இந்தக் காலத்துப் பிள்ளைகள் பயமில்லாமல் படிக்குமா என்று நீட்டிக்கொண்டே போனார்.

"அவரு சொன்னாரு, நானும் சிரிச்சேன். அது எங்க தப்பு டீச்சர். இப்ப நான் சொல்றேன், எந்தப் பிள்ளையையும் எங்கயும் அடிக்காதீங்க. எம்பிள்ளை இனிமே அங்க வராது."

போனை வைக்காமல், கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்தாள். திட்டு வாங்குகிறவர் மறுமுனையில் உண்மையாகவே இருந்தது அவளுக்கு அதுதான் முதல் முறை.

திரும்பியபோது சிறுமி இன்னும் அதே இடத்தில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். ஷாமளா அவள் எதிரே குந்தி, கண்ணாடியை எடுத்து விரித்து, முகத்தில் மாட்டிவிடக் கையைக் கொண்டுபோனாள். கவினேஸ்வரி வெடுக்கென்று தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

ஷாமளா கையைத் தாழ்த்தினாள். கண்ணாடியை உள்ளங்கையில் வைத்து நீட்டி, மகள் தானாக எடுத்துக்கொள்ளும் வரை அப்படியே பிடித்திருந்தாள்.