செல்வராசு கேட்ட விளக்கு வண்டி

செல்வராசு இறந்த செய்தி எனக்கு ஒரு புகாராகத்தான் வந்தது. காலை ஏழரை மணி இருக்கும். பனிமூட்டத்தில் அலுவலக வாசல்கூடத் தெரியவில்லை. மணல் அள்ளும் ஷவல் வண்டி ஒன்று வளைவில் அசையாமல் நிற்கிறது, எப்போது அதை எடுப்பீர்கள் என்று தொலைபேசியில் ஒருவர் அதட்டினார். மன்னிப்புக் கேட்டுப் பதிந்துகொண்டேன். பத்து நிமிடம் கழித்து ஃபோர்மன் அழைத்தார். வண்டிக்கு ஒன்றுமில்லை. அதை ஓட்டிய மனிதர்தான் சாலையோரத்தில் கிடந்தார். எச்சரிக்கைக் கூம்புகளை வைக்க இறங்கியவரைப் பனிக்குள்ளிருந்து வந்த கார் ஒன்று அடித்துவிட்டது.

அவருடைய கமுதிப் பக்கத்து உறவினர்களும், தொழிலாளர் கேம்ப்பில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர்களும் இதை வாசிப்பீர்கள் என்று நினைத்தே எழுதுகிறேன். நகராட்சியிடம் சாலைத் துப்புரவை ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான் புகார்த் தொலைபேசியில் இருக்கிறேன். அபுதாபிக்குத் தெற்கே நாங்கள் வேலை செய்யும் ஊரின் சாலைகளில் காற்று மணலைக் கொண்டுவந்து குவிக்கும். ஊர் வேலைக்குப் புறப்படுமுன் அதைத் தள்ளியாக வேண்டும். குளிர்காலத்தில் அதன்மேல் பனியும் மூடினால், வேகமாக வரும் காருக்கு எதிரே மணல் கிடப்பதே தெரியாது. பன்னிரண்டு ஆண்டுகள் செல்வராசு செய்த வேலை இது.

மூன்று குளிர்காலங்களுக்கு முன் ஒரு காலை, வளைவில் இடுப்பளவு மணல். பத்தடிக்கு அப்பால் கண் தெரியாத பனி. அவர் தள்ளத் தொடங்கவில்லை. ஷவலைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தி, எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு, குளிருக்குப் போர்த்தியிருந்த போர்வையின் சிவப்புப் பக்கத்தை அசைத்தபடி வெகுதூரம் முன்னால் போய் நின்றார். இரண்டு பள்ளிப் பேருந்துகள் அவரைக் கண்டு நின்றன. என் தொலைபேசியோ ஓயவில்லை. சாலையை மூட ஒரு டிரைவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று மேலாளர் அவரைக் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வெளியே வந்தவரிடம், “ஏன் றோட்டை மறிச்சனீங்கள்? ஒருக்காச் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“மறிச்சது நான் இல்லக்கா, மணலு. நான் அதுக்கு முன்னாடி நின்னேன், அம்புட்டுத்தான்” என்றார்.

அன்றிலிருந்து அவர் ஒன்றைத்தான் கேட்டுவந்தார். ஷவலுக்குப் பின்னால், வரும் வண்டிகளைத் தூரத்திலேயே விலகச் சொல்லும் அம்பு விளக்கு பொருத்திய பிக்கப் ஒன்று வரவேண்டும். ஒப்பந்தத்தில் அது இருக்கிறது என்பதை ஃபோர்மனிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டார். ஆங்கிலம் எழுதத் தெரியாததால் என்னிடம் வந்து சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். நான்கு கடிதங்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்தப் பிக்கப் எங்களிடம் இருந்தது. நகராட்சி அதிகாரிகள் பார்வையிட வரும் நாட்களில் கழுவித் துடைத்து ஷவலுக்குப் பின்னால் நிற்கும். மற்ற நாட்களில் மேலாளரின் விருந்தினர்களை விமான நிலையத்திலிருந்து ஏற்றிவரும்.

செல்வராசு இறந்த மறுநாள், விபத்து அறிக்கையைத் தட்டச்சு செய்யச் சொல்லி என் மேசையில் வைத்தார்கள். ‘தன் கவனக்குறைவால் வாகனத்தைவிட்டு இறங்கினார்’ என்றிருந்தது. இறங்காமல் கூம்பை எப்படி வைப்பது? விளக்கு வண்டி வந்திருந்தால் அவர் ஏன் இறங்கப்போகிறார்? கேட்டேன். எழுதியிருப்பதை அப்படியே தட்டச்சு செய், நீ கேள்வி கேட்க வரவில்லை என்றார் மேலாளர்.

அன்று மாலையே செல்வராசின் மனைவி ஊரிலிருந்து அழைத்தார். அழுது ஓய்ந்த குரல். உடல் எப்போது வரும் என்றுதான் கேட்பார் என நினைத்தேன். “கேம்ப்புல இருந்து சொன்னாக, அவுக மேல தப்புன்னு எழுதிருக்காகளாமே. நெசமாக்கா?” என்று கேட்டார்.

“நான் எழுதேல்லை. எழுதவும் மாட்டன்” என்றேன். சொன்ன பிறகுதான், அதை நான் முடிவு செய்துவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது.

நான்கு கடிதங்களின் நகல்களையும் எடுத்துக்கொண்டு போய், விசாரித்த போலீஸ் அதிகாரியிடம் கொடுத்தேன். என் விசாவும் அந்த நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது; பயம் இல்லை என்று சொன்னால் பொய். அந்த அதிகாரி கடைசிக் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, இதை எழுதியது யார் என்று கேட்டார். வார்த்தைகள் செல்வராசுடையவை என்றேன். ‘கவனக்குறைவு’ என்ற வரி அறிக்கையிலிருந்து நீங்கியது. மேலாளர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். அவ்வளவுதான் அவருக்கு நேர்ந்தது. பிக்கப் இப்போது தினமும் ஷவலுக்குப் பின்னால் போகிறது. நல்ல ஏற்பாடு என்று நகராட்சியிலிருந்து பாராட்டு மடல் வந்தது. அதைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதில் செல்வராசின் பெயர் இல்லை.

ஏற்பாடு நடந்துவிட்டதே, இனி ஏன் கோபம் என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு மனிதர் நான்கு முறை மரியாதையாகக் கேட்டபோது கிடைக்காதது, அவர் செத்த வாரத்தில் எப்படிக் கிடைத்தது? இதற்குப் பதில் சொல்பவர்களிடம் நான் கோபப்படமாட்டேன்.

போன வாரம் மறுபடி கடும் பனி. பிக்கப் பழுதாகிப் பணிமனையில் நின்றது. காலையில் டிரைவர்களை அழைத்து வேலைக்கு அனுப்புவதும் இப்போது என் பொறுப்பு. இன்று ஒருநாள் மட்டும் பிக்கப் இல்லாமல் ஆட்களை அனுப்பு என்று புதிய மேற்பார்வையாளர் சொன்னார். முடியாது என்றேன். வேறு விளக்கு வண்டி வரும்வரை சாலையை மூடச்சொல்லிப் போலீசுக்குத் தகவல் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் ஊர் முழுக்க என்னைத் தொலைபேசியில் திட்டியது. கேட்டுக்கொண்டிருந்தேன். ஷவல் ஓட்டும் ஏழு பேரும் அன்று மதியம் கேம்ப்புக்குத் திரும்பிச் சாப்பிட்டார்கள். செல்வராசிடமிருந்து பெற்று நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ‘முடியாது’ ஒன்றுதான். அதை யாரிடமும் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.