பதினாலு வயதில் அப்பா என்ன வேலை: மசாஃபி மலைப்பாதையில் ஒரு வெள்ளிக்கிழமை

போனவர்கள் ஐந்து பேர்: நான், என் கணவர், பதினெட்டு வயது மகள் வாசுகி, எங்கள் மேல்மாடியில் குடியிருந்த போலந்துக்காரி ஹலீனா, டாக்ஸி ஓட்டிய பெஷாவர்க்காரர் குல் பாய். எண்பதுகளின் நடுப்பகுதி, மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமை. அப்போது நாங்கள் துபாய் சத்வாவில் ஒரு தையற்கடைக்கு மேலே இருந்தோம்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசுகிக்குப் போலந்தில் பொறியியல் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். என் கணவரோ பிடிகொடுக்கவில்லை. கேட்டால், "எல்லாரும் சமன் எண்டு சொல்லுற நாட்டில ஒரு ஸ்டோர்கீப்பரின்ர பிள்ளை ஏறி எங்க போறது?" என்பார். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் அவருக்கு அந்த வேலை.

இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் மேல்மாடியிலேயே இருந்தது பிள்ளையார் செயல். ஹலீனா வார்சாவில் சமூகவியல் ஆய்வு செய்தவள். சோஷலிச ஆட்சியில் யாருடைய பிள்ளை என்னவாக வருகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கணவனோடு துபாய் வந்த பிறகும் அவள் அதை விடவில்லை. வெளிநாட்டில் உழைக்கும் தன் நாட்டவரைத் தேடிப் போய்ப் பேசினாள். திப்பா சாலையில் ஒரு சிமெந்து ஆலையில் சில போலந்துக்காரர் இருந்தார்கள். "குடும்பத்தோடு வாருங்கள், நீங்களே கேளுங்கள்" என்றாள். டாக்ஸிக்கு நாள் வாடகை 160 திர்ஹாம், அவள் பாதி, நாங்கள் பாதி. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை, அவ்வளவு புளுகம், சந்தோஷம்.

காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். குல் பாய் எட்டிப் பார்த்தார்.

"பெஹன்ஜி, நான் பிஸ்மில்லா சொல்லியாச்சு. இது எதுக்கு?"

"ரெண்டும் இருக்கட்டும் பாய்."

தைத் என்ற ஊர் வரை ஏறக்குறைய அறுபத்தைந்து கிலோமீட்டர், வெறும் மணல். அதன் பிறகு திடீரென்று மலை. மூன்று வருடம் தட்டையான நிலத்தையே பார்த்த கண்ணுக்கு அந்தக் கருங்கபில மலைகள் கோபுரம் போல எழுந்தன. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வழியில் ஹலீனா தன் வேலைமுறையைச் சொன்னாள். ஒருவரிடம் "உன் அப்பா யார்?" என்று கேட்பதில்லையாம். "உனக்குப் பதினாலு வயதாக இருந்தபோது அப்பா என்ன வேலை செய்தார்?" என்றுதான் கேட்பார்களாம். வேலை மாறிக்கொண்டே இருக்கும். பிள்ளையின் படிப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்பது அந்த வயதில்தான் தெரியும். எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போய், உடனே குல் பாயிடம் கேட்டேன்.

"ஆடு மேய்த்தார். நான் டட்சன் கார் மேய்க்கிறேன்."

"உங்கட மகன்?"

"அவன் ஏரோபிளேன் மேய்க்கட்டும்."

"அம்மா, அந்தாளைக் கார் ஓட விடுங்கோ" என்றாள் வாசுகி.

மசாஃபி சந்தையில் மூன்று திர்ஹாமுக்கு வாழைப்பழம் வாங்கினேன். ஒன்பதரைக்கு ஆலைக் குடியிருப்பை அடைந்தோம். வெள்ளிக்கிழமை நான் சைவம். அங்கே இறைச்சி வைத்தால் என்ன செய்வது என்று வழியெல்லாம் யோசனை. மேசையில் இருந்ததோ பீட்ரூட் சூப்பும் உருளைக்கிழங்கு ரொட்டியும். அவர்களுக்கும் வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாதாம். மாரெக் என்ற பொறியியலாளர் சிலுவை போட்டுவிட்டுத்தான் கரண்டியை எடுத்தார். கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் நாட்டில் இதெல்லாம் உண்டா என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமையை இன்னும் அரசுடைமை ஆக்கவில்லை" என்றார்.

மாரெக்கின் அப்பா சுரங்கத் தொழிலாளி. தொழிலாளி பிள்ளை என்பதற்காகப் பல்கலைக்கழக அனுமதியில் அவருக்கு மேலதிகப் புள்ளி கிடைத்தது. பக்கத்தில் இருந்த எலக்ட்ரீசியன் ஆன்ட்ஜேயின் அப்பா வக்கீல். பரீட்சையில் இருவருக்கும் ஒரே புள்ளி, ஆனால் ஆன்ட்ஜேக்கு இடமில்லை.

"இவனுடைய அப்பாதான் என்னை எஞ்சினியராக விடவில்லை" என்றார் ஆன்ட்ஜே.

"உன் அப்பா வழக்குப் போட்டிருக்கலாமே" என்றார் மாரெக்.

ஹலீனா சிரிக்கவில்லை. போருக்குப் பின் புதிய ஆலைகள் எழும்பின, கதிரைகள் காலியாக இருந்தன, உழவர் பிள்ளைகளும் தொழிலாளர் பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்தார்கள் என்று விளக்கினாள். இப்போது உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அதே கதிரையைப் பிடித்து வைக்கிறார்கள் என்றாள். தன் நாட்டைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசியதால்தான் அவளை நம்பினேன்.

என் கணவர் யன்னலோரம் நின்று தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அப்போது மாரெக், "இந்தப் பெண்ணையும் கேளுங்கள்" என்று வாசுகியைக் காட்டினார். ஹலீனா முறைப்படியே கேட்டாள்: உனக்குப் பதினாலு வயதில் அப்பா என்ன வேலை?

"கணித ஆசிரியர்" என்றாள் வாசுகி. "யாழ்ப்பாணத்தில. எனக்கும் அவர்தான் படிப்பிச்சவர்."

83 கலவரத்துக்குப் பிறகு நாங்கள் இங்கே வந்த மூன்று வருடத்தில் ஆசிரியர் என்ற அந்தச் சொல்லை வெளியாள் முன் யாரும் சொன்னதில்லை. கராஜில் இவர் பெயரே "ஸ்டோர்" தான்.

"அப்படியென்றால் என் அட்டவணையில் இவள் ஆசிரியர் மகள்" என்றாள் ஹலீனா.

"அப்ப நான்?" என்றார் இவர்.

"நீங்கள் இறங்கியவர். வளைகுடாவுக்கு வந்த பலர் அப்படித்தான். நீங்கள் இறங்கியதை இவள் பேரில் எழுத எனக்கு இடமில்லை."

இவர் கோப்பையை வைத்துவிட்டு மகளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அங்க கணிதம் என்ன மொழியில?"

"போலிஷ் அப்பா. முதல் வருசம் மொழி மட்டும்."

"சமன்பாடு எந்த மொழியிலயும் ஒண்டுதான். ஆனா குளிர் உடுப்புக்குக் கொம்மாவைக் கேள். நான் ஸ்டோர் மட்டும்தான், கஜானா அவ."

அதுதான் சம்மதம். அன்றைய செலவுக் கணக்கில் "கம்பளிச் சட்டை, இரண்டு" என்று காரிலேயே எழுதினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மலைப்பாதைக்கு மார்கழி, தை நல்லது. தைத் ஊரில் பெற்றோல் நிரப்புங்கள். வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் கடைகள் பூட்டு. ஓட்டுநருக்கும் அந்த நேரத்தை ஒதுக்குங்கள். பிள்ளையின் படிப்பு பற்றிக் குழப்பம் இருந்தால், போகப்போகும் நாட்டைப் புகழ்கிறவரையும் திட்டுகிறவரையும் விட்டுவிட்டு, அங்கே ஏறியவர் ஒருவரையும் ஏறமுடியாதவர் ஒருவரையும் ஒரே மேசையில் கேளுங்கள்.

வாசுகி இன்றும் வார்சாவில்தான் இருக்கிறாள், பாலங்கள் வடிவமைக்கிறாள். வருகிற தையில் அவள் துபாய் வருகிறாள். நானும் இவரும் அங்கே போய் அவளோடு சேர்ந்து திப்பா போக எண்ணம். அந்தப் பக்கம் சைவச் சாப்பாட்டோடு இரண்டு நாள் தங்க நல்ல இடம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். டிக்கெட் எடுக்க வேண்டும், கெதியாகப் பதில் போடுங்கள்.