ஏழு மைல் தூரத்தில் தகப்பன்

என் அக்காள் கணவர் நாகூர் மீரான் எந்த வேலையையும் இன்னொருவர் கையில் விடமாட்டார். கோலா சிலாங்கூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவருடைய சாப்பாட்டுக்கடை. சம்பளத்துக்கு மூன்று பேர் இருந்தும் டீ ஆற்றுவது அவர், குழம்பு இறக்குவது அவர். மேசை துடைப்பவன் துடைத்துவிட்டுப் போனதும் அதே மேசையை அவர் இன்னொரு தடவை துடைப்பார். அப்படிப்பட்டவர், மூத்த மகள் நஜீபாவின் நிக்காஹ்வில் வலிகாரராக, அதாவது பெண்ணுக்குப் பொறுப்பாளியாக உட்கார்ந்து 'கட்டிக் கொடுத்தேன்' என்று மாப்பிள்ளையிடம் சொல்லும் வேலையை மட்டும் விட்டுக்கொடுப்பாரா?

நிக்காஹ் வெள்ளிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு. வருஷம் 1955. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர் போட்ட அவசரகாலம் முடிந்தபாடில்லை. மாலை ஏழு மணிக்கு ஊரடங்கு. வெளியூர் விருந்தாளிகள் அதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.

மச்சானுடைய அண்ணன் நோயில் கிடந்ததால் மச்சானும் நானும் நாலு மாதமாக நாகூரில் இருந்தோம். அண்ணன் தேறிவிட்டார். ஆனால் திரும்ப வேண்டிய கப்பலில் இடமில்லை. அடுத்த கப்பலில் ஏறினால் கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் கரை இறங்க முடியும்.

"ஏரோப்ளேன்ல போவோம்" என்றார் மச்சான், பக்கத்துத் தெருவுக்குப் போவதைப்போல.

மூட்டையை மட்டும் கப்பலுக்குக் கட்டுகிற மாதிரியே கட்டினார். ஜமுக்காளம் சுற்றிய படுக்கை, கூஜா, ஊறுகாய் ஜாடி, துணிமணி, ஆறு படி சீரகச்சம்பா அரிசி. மாப்பிள்ளையும் தோழர்களும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்களே, அந்தச் சஹனுக்கு மட்டுமாவது நாகூர் அரிசியில் பிரியாணி வைக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

மீனம்பாக்கத்தில் தராசில் ஏற்றினார்கள். ஆளுக்கு நாற்பத்து நாலு பவுண்டுதான் என்றார் குமாஸ்தா.

"கப்பல்ல நான் கட்டிலையே கொண்டுபோயிருக்கேன்."

"அது கப்பலுங்க."

படுக்கையும் கூஜாவும் ஜாடியும் வழியனுப்ப வந்தவர்களோடு ஊருக்குத் திரும்பின. மூட்டையின் எடையைக் குறைக்க மச்சான் மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அதற்கு மேல் கோட்டையும் மாட்டிக்கொண்டார். அரிசியில் ஒரு பிடி குறையவில்லை.

புதன்கிழமை காலையில் விமானம் கிளம்பியது. இரண்டு மணி நேரம் கழித்துக் கீழே பார்த்தால் மறுபடியும் மீனம்பாக்கம். எஞ்சினில் ஏதோ கோளாறாம்.

"பஸ்ஸுன்னா எறங்கித் தள்ளலாம். இத எங்க எறங்கித் தள்ளுறது?" என்றார் மச்சான். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருவர் சிரித்துவிட்டார். மச்சான் சிரிக்கவில்லை.

மறுநாள் நண்பகலில்தான் திரும்பப் புறப்பட்டோம். சிங்கப்பூரில் இறங்கியபோது கோலாலம்பூர் விமானம் போய்விட்டிருந்தது. போதாததற்குக் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னேன்.

"அந்த ரெண்டு மணி நேரத்த யாரு தின்னா? அதுவும் டிக்கட்டுல எழுதியிருக்கா?"

ஒருவேளை அவர் வந்து சேராவிட்டால், நிக்காஹ் ஓதிவைக்கும் காதியாரே வலிகாரராக இருந்து நிக்காஹ்வை முடிப்பதாக வீட்டில் ஏற்பாடு செய்திருந்தார்கள். தகப்பன் இரண்டு நாள் நடைக்கு அப்பால் இருந்தால் மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. மச்சான் அதையும் ஒரு தந்தியில் அடித்து நொறுக்கினார்: 'வருகிறேன். வலிகாரர் நானே. காதியார் வேண்டாம்.'

வெள்ளிக்கிழமை காலை சிங்கப்பூரில் மழை. கேட்கும்போதெல்லாம் இன்னும் அரை மணி என்றாள் கவுண்டரில் இருந்த பெண். அந்த அரை மணி மூன்று மணி நேரம் நீண்டது. கோலாலம்பூரில் இறங்கும்போது மணி இரண்டு தாண்டிவிட்டது. சுங்க அதிகாரி அரிசியைக் கையால் அளைந்து பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அதுவே மச்சானுக்குப் பெரிய தைரியம். கோலா சிலாங்கூரிலிருந்து டாக்சியோடு வந்து காத்திருந்தார் டிரைவர் ஷேக் தாவூது. வழியெல்லாம் அவருடைய கால் அழுத்தியதைவிட மச்சானுடைய வாய்தான் வண்டியை அதிகமாக விரட்டியது.

புக்கிட் ரோத்தான் அருகே சாலையில் தடுப்புக் கட்டை. நாங்கள் நாகூருக்குப் போகும்போது அது அங்கே இல்லை. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரக் கூடாது என்று அந்தச் சாலையில் உணவுப்பொருள் எதையும் ஏற்றிப் போகத் தடை போட்டிருந்தார்கள். வீட்டுக்கு இன்னும் ஏழு மைல்.

எங்கள் மூட்டையை அவிழ்த்தவர் ரப்பர் தோட்டத்துச் சிறப்புக் காவலர் சன்னாசி. எங்கள் கடையில் டீ குடிப்பவர்.

"மொதலாளி, என்னா இது?"

"அரிசி."

"அரிசின்னு தெரியுது. ஏன் அரிசி?"

"மக கல்யாணத்துக்குப்பா. நாகூர்லேருந்து ஏரோப்ளேன்ல வருது."

"ஏரோப்ளேன்ல வந்தாலும் சுங்கை புரோங்ல வெளஞ்சாலும் அரிசி அரிசிதான்லா."

"அந்தப் பக்கம் பூராவும் நெல்லு. அத விட்டுட்டு என்னோட ஆறு படியக் கேட்டா காட்டுலேருந்து வரப்போறான்?"

"வரமாட்டான். அவனுக்குச் சீரகச்சம்பா புடிக்காது. ஆனா இன்ஸ்பெக்டர் வந்து எழுதணும். சுங்கை பெசாருக்குப் போயிருக்காரு. ஆறு மணி ஆவும்."

"கொட்டிட்டுப் போறேன்."

"ரோட்டுல கொட்டுனா அதுக்குத் தனியா ஒரு கேசு, மொதலாளி. இவங்க ரெண்டு பேரும் போவலாம். அரிசிக்காரர் இருக்கணும்."

பக்கத்துக் காவல் கொட்டகைக்குள் இருந்த மலாய்க்கார கார்ப்பரலும் தலையை ஆட்டினார். மணி நாலே கால்.

"காதியாரையே முடிச்சிரச் சொல்லலாமா?" என்றார் ஷேக் தாவூது மெதுவாக.

"ஏழு மைல்ல உசுரோட ஒக்காந்திருக்கேன். அவரு எப்படிய்யா நிப்பாரு?"

உண்மைதான். சிங்கப்பூரிலேயே மாட்டிக்கொண்டிருந்தால் காதியார் முடித்திருப்பார். மூன்று நாள் பாடுபட்டு இவ்வளவு கிட்டத்தில் வந்ததுதான் வினையாகிவிட்டது. தகப்பன் சொல்லாமல் இனி அங்கே ஒன்றும் நடக்காது. ஆறு மணிவரை காத்திருந்தால் கிள்ளான்காரர்களான மாப்பிள்ளை வீட்டார் ஊரடங்குக்கு முன் ஊர் திரும்ப முடியாது.

மச்சான் விசுப்பலகையில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவதற்கு இனி ஆள் யாரும் பாக்கி இல்லை என்பதுபோல அவர் முகம் வெறுமையாக இருந்தது. பிறகு, "தம்பி, இங்க வா" என்றார். "நீ எனக்கு வக்கீலா போ. எனக்குப் பதிலா நீ சொல்லு."

"நானா மச்சான்? நாலு பேருக்கு முன்னால எனக்குப் பேச வராது."

"எனக்கு மட்டும் ஒன்ன அனுப்பணும்னு ஆசையா?"

ஷேக் தாவூதும் கார்ப்பரலும் சாட்சிக்கு நின்றார்கள். சன்னாசி தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். 'என் மகள் நஜீபாவை' என்று மச்சான் ஆரம்பித்தார். ஒரு ரப்பர் பால் லோரி இரைந்துகொண்டு வந்து நின்றது. அது போகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்து, முதலிலிருந்து தொடங்கினார். கடைசிச் சொல்லுக்கு வரும்போது குரல் பிசிறியது. உடனே எரிந்து விழுந்தார்: "போ. என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?"

ஐந்து மணிக்கு நிக்காஹ் முடிந்தது. அக்காள் கதீஜா வாசலுக்குப் போய்ச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது போலீஸ் ஜீப்பில் மச்சான் வந்து இறங்கினார். அரிசியை வைத்துக்கொண்டு, எச்சரிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கி ஆளை விட்டுவிட்டார்களாம். விருந்தாளிகள் போயிருந்தார்கள். நஜீபா வந்து சலாம் சொன்னாள். அவள் தலையில் கை வைத்துவிட்டு, என்னைச் சமையல்கட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"பேரச் சரியாச் சொன்னியா?"

"சொன்னேன் மச்சான்."

"மஹரு?" மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் தொகையைக் கேட்டார்.

"சொன்னேன்."

"எப்படிச் சொன்னே? சொல்லு, கேக்குறேன்."

சொன்னேன். நஜீபாவை, அவளுடைய தகப்பனார் நாகூர் மீரான் என்னை வக்கீலாக்கியபடி, இந்த மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். என்னோடு சேர்ந்து அவர் உதடுகளும் அசைந்தன.

"'தகப்பனார்'ங்கற எடத்துல இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கணும்" என்றார். "ஒன்ன அனுப்புனா இப்படித்தான். எங்க, இன்னொரு தடவ சொல்லு."