நவம்பர் முப்பத்தொன்று

1. இரண்டாம் பெஞ்சின் கேள்வி

"டீச்சர், நவம்பர்ல முப்பத்தொண்ணு உண்டா?"

கேட்டவள் மாரி. எட்டாம் வகுப்பு பி பிரிவு, இரண்டாம் பெஞ்சு. நான் திருவனந்தபுரத்தில் பி.எட். மாணவி, ஜியாகிரபி ஆப்ஷன். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் தமிழ் மீடியம் உள்ள ஒரு பள்ளியில் டீச்சிங் பிராக்டிஸ். அன்று நவம்பர் இருபத்தேழு, திங்கட்கிழமை. பாடம், காலநிலையும் அதன் மாற்றமும்.

டீச்சிங் எய்டாக நான் கொண்டுபோனது நவம்பர் மாத மழை சார்ட். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நீல ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தது. நாளுக்கு ஒரு கட்டம், மழை பெய்த நாளில் ஒரு நீலக் கம்பம். கடைசிக் கம்பம் முப்பத்தொன்றாம் தேதியில் நின்றது. மாரி கேட்கும்வரை அதை நான் பார்க்கவே இல்லை.

எங்கள் லெசன் பிளானில் 'எதிர்பார்க்கும் விடை' என்று ஒரு பத்தி உண்டு. பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று முந்தின நாளே எழுதிவிடுவோம். மாரியின் கேள்வி அதில் இல்லை. அடுத்ததும் இல்லை.

"இன்னைக்கு இருபத்தேழுதானே டீச்சர். இருபத்தொம்பதாந் தேதி மழை எப்படி வந்துது?"

வகுப்பு சிரித்தது. பின்பெஞ்சில் எங்கள் ஆப்ஷன் டீச்சர், அதாவது எனக்கு மார்க் போடும் விரிவுரையாளர், எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார்.

எனக்கு வாய் வேகம் அதிகம். "முப்பத்தொன்று கைத்தவறு. மற்றது முன்கணிப்பு. பழைய பதிவுகளை வைத்து, இனி எப்போது மழை வரும் என்று சொல்லலாம்" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பது பேரும் சார்ட்டையே பார்த்தார்கள். நம்பிவிட்டார்கள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. 'பழைய பதிவுகள்' என்று நானே சொன்ன சொல் அப்போதுதான் எனக்குள் இடித்தது. சீனியரிடம் வாங்கி நான் பார்த்து எழுதிய பழைய மழைப் பதிவேட்டிலும் முப்பத்தொன்று இருந்திருக்க வேண்டும். அதை எழுதியவர் எங்கிருந்து எடுத்தார்?

2. ஏழு பதிவேடுகள்

அடுத்த பேட்சில் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். நவம்பர் முழுவதும் தினமும் காலை எட்டரைக்கு மழைமானியில் சேர்ந்த நீரை அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. மழைமானி எங்கள் காலேஜ் லேப் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். சீனியரிடமிருந்து பதிவேட்டை வாங்கி, மாதம் முடியும் முன்பே முழுதும் நிரப்பிவிடுவது வழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன். என் தோழி பிந்துவும் அப்படித்தான். அவள் வித்துராவிலிருந்து விடிவதற்கு முன்னே பஸ் ஏறி வருகிறவள். எட்டரைக்கு மழைமானி முன்னால் நிற்பதற்கு அவளுக்கு எங்கே நேரம்?

அன்று மாலை நான்கு மணிக்கு நானும் அவளும் லேப்பில் பழைய பதிவேடுகளை இறக்கினோம். வருடத்துக்கு ஒன்று என்று ஏழு இருந்தன. வெளியே மேகம் மூடி, அறை மங்கலாக இருந்தது. முதலாவதைத் திறந்தேன். ஒன்பதாம் தேதி பன்னிரண்டு புள்ளி நான்கு மில்லிமீட்டர். இரண்டாவதிலும் ஒன்பதாம் தேதி பன்னிரண்டு புள்ளி நான்கு. மூன்றாவதிலும் அதேதான். கையெழுத்து மாறியது, மை மாறியது, மழை மாறவில்லை. ஒரே மேகம் வருடாவருடம் அதே நாளில் திரும்பி வந்து, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் கொட்டிவிட்டுப் போயிருந்தது.

அச்சடித்த படிவம் எல்லா மாதத்துக்கும் ஒன்றுதான், முப்பத்தொரு வரிசை. ஏழிலும் முப்பத்தொன்றாவது வரிசை நிரம்பியிருந்தது. குறிப்புப் பத்தியில் அந்த ஒரு வரிசையில் மட்டும் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம்: காற்று இல்லை. பறவைகள் இல்லை.

என் பதிவேட்டைத் திறந்தேன். என் கையெழுத்தில் அதே இரண்டு வாக்கியம். எழுதிய நினைவே எனக்கு இல்லை.

"எடீ, இது யாரு முதல்ல எழுதினது?" என்றாள் பிந்து. மிகப் பழைய பதிவேட்டின் அட்டையில் பெயர் இருந்த மூலையைப் பூச்சி அரித்திருந்தது. ஒவ்வொரு முப்பத்தொன்றின் கீழேயும் சிவப்பு மையில் ஆப்ஷன் டீச்சரின் ஒப்பு, அதாவது கையெழுத்து.

பிந்து சட்டென்று பதிவேடுகளை மூடினாள். "நீ போய்ச் சொல்லாதே, கேட்டியா. பதினாலு பேர் இருக்கோம். ரெக்கார்டுல ஒப்பு விழலேன்னா பரீட்சைக்கு உட்கார விடமாட்டாங்க. நீ மட்டும் அல்ல, நானும் தீர்ந்தேன்."

பூமி சூடாகிறது, மழை தவறுகிறது என்று காலையில் வகுப்பில் கத்தியிருக்கிறேன். இந்த ஏழு நோட்டை மட்டும் ஒருவர் பார்த்தால், இந்த ஊரில் ஒன்றுமே மாறவில்லை என்றுதான் சொல்வார்.

அலமாரியிலிருந்து மழைமானியை எடுத்தேன். புனலுக்குள் பல்லி முட்டை ஓடு இரண்டு கிடந்தது. துடைத்து, மறுநாள் பள்ளி மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தேன்.

3. கேட்டருகே வந்தவர்

இருபத்தெட்டு காய்ந்த நாள். சார்ட்டிலும் மழை இல்லை. இருபத்தொன்பது மத்தியானம் மூன்று மணிக்கு ஓட்டில் முதல் துளி விழுந்தது. யாரும் சன்னலைப் பார்க்கவில்லை. நாற்பது தலையும் ஒன்றாகச் சார்ட்டின் பக்கம் திரும்பியது.

துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவ இடிமழை மலையில் கூடி மத்தியானத்துக்கு மேல் இறங்கும். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நானும் சார்ட்டைப் பார்த்தேன். மாரி மெதுவாகக் கேட்டாள்: "நாளைக்கு முப்பது. அதுக்கடுத்த நாளு அந்த முப்பத்தொண்ணு வருமா டீச்சர்?"

மறுநாள் காலை கேட்டருகே மாரியின் அப்பா நின்றார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கொத்தனார். சட்டையில் சிமெண்ட். கூட மாரி.

"டீச்சர், கரமனையில ஒரு வீட்டுக்கு மேல்தளம். கம்பி கட்டியாச்சு. நான் மேஸ்திரியா முன்ன நின்னு செய்யுத மொத வேல. இன்னைக்கு கான்கிரீட் போடவா, சனிக்கிழமைக்கு வைக்கவான்னு நிக்குது. உங்க சார்ட்டுல இன்னைக்கு மழ இல்லேன்னு இவ சொல்லுதா."

இன்று போடுங்கள் என்றால் முடிந்தது. முன்கணிப்பு என்று நான் சொன்னது நிற்கும், பிந்துவுக்கும் பயமில்லை. மழை வந்தால் அந்தத் தளம் கரையும். அதோடு அவர் முன்னே நிற்பதும் போகும்.

"அண்ணா, அது நான் அளந்தது இல்ல. பழைய நோட்டப் பாத்து எழுதினது."

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பழைய நோட்டுன்னா நல்லதுதானே. எத்தன வருசத்து நோட்டு?"

"ஏழு."

"ஏழு வருசமும் இன்னைக்கு மழ இல்லையா?"

"இல்ல."

"பொறவென்ன டீச்சர்."

"ஏழு பேரும் ஒரே ஆளப் பாத்து எழுதியிருக்காங்க அண்ணா. நான் எட்டாவது. அதுல மழையே கெடையாது, வெறும் எழுத்துதான்."

மாரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மார்க் போடும் பத்தி எந்த ரெக்கார்டிலும் இல்லை.

"அப்போ நேத்து எப்படிப் பெஞ்சுது?" என்றாள்.

"இந்த மாசத்துல மத்தியானத்துக்கு மேல வரும். இன்னைக்கும் வரலாம், வராமலும் போகலாம். எனக்குத் தெரியாது."

அவர் வானத்தைப் பார்த்தார். மேலே ஒரு கீற்று மேகம்கூட இல்லை. மாரியை உள்ளே போகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மணிக்குப் பொன்முடி மலைப் பக்கம் கறுத்தது. மூன்றரைக்கு மழையில் எதிர்க்கட்டிடம் தெரியவில்லை. பள்ளி விட்டும் பிள்ளைகள் வராந்தாவில் நின்றார்கள். சுவரில் என் சார்ட்டின் முப்பதாம் கட்டம் வெறுமையாக இருந்தது. தளம் போட்டாரா இல்லையா என்று தெரியாமல் அந்த வெறும் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

4. எட்டரை மணி

டிசம்பர் ஒன்று. நான் மாடிப்படி ஏறும்போது பின்னால் மாரியும் ஏறி வந்தாள். "அப்பா போடல டீச்சர். தார்ப்பாய விரிச்சு மூடிட்டு வந்துட்டாங்க." அவ்வளவுதான் சொன்னாள். நான் கைப்பிடிச் சுவரில் சிறிது நேரம் உட்கார்ந்தேன்.

பிறகு மழைமானியைத் திறந்து அளவுகுடுவையில் ஊற்றினேன். கண்ணுக்கு நேரே பிடித்து அளவைப் பார்த்தேன். பதிவேட்டைத் திறந்தபோது பேனா நின்றுவிட்டது. இருபத்தொன்பதின் மழையை முந்தின நாள் காலையே அளந்து கொட்டியாகிவிட்டது; இது முப்பதாம் தேதி மாலை பெய்த மழை. அளந்தது டிசம்பர் ஒன்று. அளந்த தேதிக்கே எழுத வேண்டும் என்பது விதி. ஆனால் டிசம்பருக்கு வேறு படிவம் கையில் இல்லை, நவம்பரின் மழையைத் தொலைக்கவும் மனமில்லை. நான் பார்த்து எழுதியதை அடித்துவிட்டால், எதிரே முப்பத்தொன்றாவது வரிசை இதற்கென்றே விட்டுவைத்ததுபோல் இருந்தது. என் கை தானாக அங்கே போனது.

அப்போது மாரி சொன்னாள்: "காக்காவக் காணோம் டீச்சர்."

குறிப்புப் பத்தியில் இருந்ததை அவளிடம் நான் சொன்னதில்லை. சாலைச் சந்தைக்கு மேலே எந்த நேரமும் கத்தும் காக்கைகளில் ஒன்றுகூட இல்லை. கடைகளின் கொடிகள் நனைந்து தொங்கின, ஒன்றும் அசையவில்லை. ஏழு வருடங்களுக்கு முன்னால், அல்லது அதற்கும் முன்னால், இதேபோல் ஒரு காலையில் ஒருவர் குடுவையுடன் நின்றிருக்கிறார். எங்கே எழுதுவது என்று தெரியாமல் இல்லாத ஒரு நாளில் எழுதியிருக்கிறார். சுற்றிப் பார்த்து, கண்டதையும் எழுதியிருக்கிறார். எங்கள் எல்லோரிலும் மாடி ஏறியவர் அவர் ஒருவர்தான். அவர் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தனித்தாளில் டிசம்பர் ஒன்று என்று தேதி போட்டு அளவை எழுதினேன். பதிவேட்டில் நான் நிரப்பி வைத்திருந்ததைக் குறுக்கே அடித்தேன்.

அதை அப்படியே ஆப்ஷன் டீச்சரிடம் கொடுத்தேன். பிந்து பெயரைச் சொல்லவில்லை. அவர் ஏழு பதிவேடுகளையும் கொண்டுவரச் சொன்னார். ஏழு முப்பத்தொன்றையும், ஏழு முறை தான் போட்ட ஒப்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதுல நான் ஒப்பு போட மாட்டேன்" என்றார் கடைசியில். "டிசம்பர் முழுக்க நீ அளக்கணும். லீவு நாளும். எட்டரைக்கு நானும் வருவேன்." பிறகு, "மத்த பதிமூணு பேர்கிட்டயும் சொல்லிரு" என்றார்.

பிந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வித்துராவில் தன் வீட்டுக் கிணற்றடியிலேயே ஒரு மழைமானி வைத்துவிட்டதாக வந்து சொன்னாள். "எட்டரைக்கு அம்மை நோக்கிக்கோளும்" என்றாள்; அம்மா பார்த்துக்கொள்வாளாம். நான் முறைத்ததும், "சரி, நான் நோக்காம், ஞாயிறாழ்ச்ச" என்றாள்; ஞாயிறு மட்டும் தானே பார்ப்பாளாம். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

சார்ட்டைக் கழற்றப் போனபோது மாரி தடுத்தாள், பக்கத்தில் வேறொன்று ஒட்டலாம் என்றாள். அவள் வீட்டுக் காலண்டரில், மழையால் அப்பா வேலைக்குப் போகாத நாளிலெல்லாம் அம்மா பென்சிலால் வட்டம் போடுவாளாம். இந்த ஊருக்கு வந்த வருடத்திலிருந்து எல்லாக் காலண்டரும் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறதாம். வகுப்பில் பாதிப் பேரின் வீட்டில் கட்டிட வேலைதான். அந்த வட்டங்களை எல்லாம் ஒரே தாளில் சேர்த்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. 'எதிர்பார்க்கும் விடை' பத்தியை இந்த முறை காலியாக விட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை எல்லோர் வீட்டுக் காலண்டர்களும் வகுப்புக்கு வருகின்றன. டிசம்பருக்கு முப்பத்தொன்று உண்டு. அந்த வரிசைவரை தினமும் மாடி ஏற வேண்டும்.