பிசின் மரத்தடியில் ஒரு நீலக் கார்

அந்தத் தெருவில் அவளுக்குக் காலர்க்காரி என்று பெயர். இருபத்திரண்டு வருஷம் சட்டை தைத்தவள். அவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு எவனாவது பொய் சொன்னால் காலர் தானாகவே கழுத்தை இறுக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. தேர்தலில் நிற்க இருந்த ஒருவர் அளவு கொடுக்க வந்து, விஷயம் காதில் விழுந்ததும் காலர் வைக்காத சட்டையே போதும் என்று நழுவிவிட்டாராம். இதில் முக்கால்வாசி புளுகு. காலர் விறைப்பாக நிற்கும் என்பது மட்டும் சுத்தமான உண்மை.

ஐம்பத்தோரு வயதில் அவளுடைய கண் ஒரு வேடிக்கை செய்தது. ஊசிக் காதில் நூல் நுழைய மறுத்தது. தெருக்கோடியில் திரும்பும் பஸ்ஸின் நம்பரோ பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடி வாங்கிக்கொள்ளச் சொன்னார் கணவர். பூட்டு ரிப்பேர் செய்பவர் அவர்.

"கிட்டக்க பார்த்தது போதுங்க. இனிமே தூரத்தைப் பார்க்கறேன்."

சொன்னபடி செய்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தவர் முதல் வாரம் கதவைப் பிடித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது வாரம் பக்கத்து சீட்டில் குறட்டை விட்டார். ஒரு மாணவிக்கு இதைவிடப் பெரிய நற்சான்று உண்டா? சேமிப்பைத் துடைத்து, ஒரு பழைய நீலக் காரை வாங்கினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்தவர்களை வீட்டில் கொண்டுபோய் விடப் பன்னிரண்டு வாடகைக் கார்கள் ஓடின. பன்னிரண்டையும் ஓட்டியவர்கள் ஆண்கள். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற, ஓர் இடம் காலியானது. வண்டிகளைச் சோதித்து எடுக்கிற அதிகாரிக்கு டிரைவர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. "உடம்பு தேறிப் போறவங்க ஏறுற வண்டி, தானே நோயாளி மாதிரி நிக்கக் கூடாது" என்பது அவர் வேதம். கதவில் கடுகளவு புள்ளி இருந்ததற்காக ஒரு வண்டியைத் திருப்பி அனுப்பியவர். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

சிக்கல் என்னவென்றால், அவள் தெருவில் கார் நிறுத்த இருந்த ஒரே இடம் பிசின் மரத்தடி. அந்த மரத்தின் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. வெயில் காலத்தில் பிசினாகக் கொட்டும். அதனடியில் நின்று வம்பு பேசிய இரண்டு பேருக்குச் செருப்பு தரையோடு ஒட்டிப்போய், பேச ஒன்றும் மிச்சமில்லாமல் சாயங்காலம் வரை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பார்கள்.

மரத்துக்கெல்லாம் பயப்படுகிறவளா அவள்? கணவர் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க, சனிக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து காருக்கு ஒரு உறை தைத்தாள். வெளிப்பக்கம், கோட்டுக்கு உள்ளே வைக்கும் வழுவழுப்பான துணி. உள்ளே, பெயிண்டில் கீறல் விழாமலிருக்க, மெத்தென்ற ஃபிளானல். பக்கக் கண்ணாடி இரண்டுக்கும் தனித்தனிப் பை, அதற்குப் பொத்தான் வேறு. தெருவே வந்து பார்த்தது.

"எனக்கு இப்படி அளவெடுத்து ஒரு சட்டை தைச்சிருப்பியா நீ?" என்றார் கணவர்.

"கார் மாதிரி அசையாம நின்னா தைச்சிருப்பேன்."

அந்தப் பெருமையில்தான் தவறு நடந்தது. இரண்டு நாளாகக் காரின் முன்மூடியான போனட்டில் விழுந்திருந்த பிசின் துளிகளைக் கழுவாமலே, மாலையில் உறையை மாட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. மதியம் போய் உறையைத் தூக்கினால், அது வருகிறேன் என்றே சொல்லவில்லை.

ஒரு நொடியில் புரிந்துவிட்டது. காலருக்குள் வைக்கும் கேன்வாஸில் ஒரு பக்கம் பசை இருக்கும். துணியோடு சேர்த்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினால் ஆயுளுக்கும் விடாது. இங்கே பசை மரத்தினுடையது, துணி அவளுடையது, இஸ்திரி போட்டது சூரியன். இருபத்திரண்டு வருஷம் தெரிந்தே செய்த வேலையை ஒரே பகலில் தெரியாமல் செய்து முடித்திருந்தாள்.

எதிர்ப் பட்டறைப் பெயிண்டர் ஓடிவந்தார். "அக்கா, தின்னர் தரேன். ஒரு துடை துடைச்சா பிசின் ஓடிடும்."

"பிசின் ஓடும் தம்பி. கூடவே நீலமும் ஓடினா?"

"நான் எதுக்கு இருக்கேன்? ரெண்டே நாள்ல புதுசா அடிச்சுத் தரேன்."

"எனக்கு நாளைக்குக் காலைல ஒன்பது மணி வரைக்கும்தான் நேரம்."

பெயிண்டர் தலையைச் சொறிந்தார். கணவர் பூட்டு நெம்பும் மெல்லிய தகட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். தகடு பேசாமல் பைக்குள் போனது.

கோணலாக ஒட்டிய கேன்வாஸை எடுக்க அவளுக்கு வழி தெரியும்: சூடு, ஈரம், பொறுமை. வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து உறையின் மேல் போட்டாள். பசை இளகும்வரை காத்திருந்தாள். பிறகு துணியை மேலே இழுக்காமல், பெயிண்டோடு படிந்தாற்போல் மடக்கி, விரற்கடை விரற்கடையாக உரித்தாள். வெந்நீர் சுமந்தது கணவர்.

"எந்தப் பூட்டும் என்னை இப்படிப் படுத்தினதில்ல" என்று முனகினார்.

"சட்டை வேணும்னா சுமங்க."

உறை வந்துவிட்டது, துளிகள் வரவில்லை. ஃபிளானல் நூல் ஒட்டிக்கொண்டு முப்பத்தேழு கம்பளிப்பூச்சிகள் மாதிரி போனட்டில் உட்கார்ந்திருந்தன. அடுத்து ஸ்பிரிட். இஸ்திரிச் சூட்டை முதலில் மடிப்பின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பது தையல்காரியின் வழக்கம். அதேபோல் பெட்ரோல் மூடியின் உள்ளே ஒரு சொட்டு தடவிப் பார்த்தாள். பஞ்சில் அழுக்கு வந்தது, நீலம் வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு துளியாக: பஞ்சை வைத்து இருபது எண்ணுவது, மெல்ல ஒற்றி எடுப்பது, உடனே சோப்புத் தண்ணீரில் கழுவுவது. கிட்டத்தில் கண் தெரியாததால் விரல் நுனியால் தடவித் தேடினாள். காலர் முனையில் ஒற்றைப் பிசிறைக் கண்டுபிடிக்கிற விரல். அதனிடம் எந்தத் துளி தப்பும்?

தெருவிளக்கு எரிவதற்குள் முடித்து, மெழுகுப் பாலிஷும் தேய்த்துவிட்டாள். வழியில் போன காக்கை ஒன்று போனட்டில் தன்னைப் பார்த்து, நாம் இவ்வளவு கறுப்பா என்று திகைத்துப்போனதாகத் தெருவில் சாட்சி சொல்ல ஆள் இருக்கிறது. கார் அன்றைக்குப் பெயிண்டர் பட்டறைக்குள் தூங்கியது.

மறுநாள் ஆஸ்பத்திரி வளாகத்தில் பூதக்கண்ணாடி வெள்ளைக் கைக்குட்டையோடு காரை இரண்டு சுற்று வந்தார். அங்கிருந்த வேப்பமரத்தில் சாய்ந்திருந்த டிரைவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"பழைய வண்டி. பெயிண்ட் மட்டும் எப்படிம்மா இப்படி?"

பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "சார், வலது விளக்குக்கு மேல ஸ்பிரிட் பட்டு ஒரு மங்கல் இருக்கு. உங்க கண்ணுல படல."

அவர் குனிந்து பார்த்தார். மிளகளவு. "இதை ஏன் சொல்றீங்க?"

"நாளைக்கு நீங்களா கண்டுபிடிச்சா மறைச்சேன்னு ஆயிடும். பார்த்துட்டு வேண்டாம்னா, அது உங்க இஷ்டம்." நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் கைக்குட்டையை மடித்தார். "என் காரும் மரத்தடியிலதான் நிக்குது. அந்த உறை மாதிரி எனக்கு ஒண்ணு தைச்சுத் தர முடியுமா?"

"வேற நல்ல தையல்காரி ஒருத்தியைக் காட்டிவிடறேன் சார். முதல்ல கழுவணும், அப்புறம்தான் உறை, அதை மறந்துடாதீங்க. நான் டிரைவர் வேலைக்கு வந்திருக்கேன்."

அதிகாரி பதிவேட்டில் வண்டி எண்ணை எழுதிவிட்டு நிமிர்ந்தார். "மூணாவது வார்டு வாசல். கால்ல கட்டு போட்ட ஒரு டீச்சர். மேடு பள்ளம் பார்த்து ஓட்டுங்க, டிரைவரம்மா."

இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரே வளைப்பில் பின்னால் எடுத்தாள். வார்டு வாசலில் டீச்சர் காரில் ஏறுமுன், அந்த நீலத்தில் முகம் பார்த்து முன்முடியைச் சரிசெய்துகொண்டார். அவள் அதைப் பார்த்தாள். டீச்சர் ஏறியதும், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டாள்.