நைனா வேண்டாமென்ற இன்ஜின்

இன்றைக்கும் என் மாமா எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், ஏதாவது ஒரு பேச்சுக்கு நடுவில், "அன்னிக்கு மாமா மட்டும் சரியா பாத்திருந்தா" என்று பெருமூச்சு விடுவார். அவர் மாமா என்று சொல்வது என் அப்பாவை, நான் நைனா என்று கூப்பிடுகிறவரை. கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரியும். அன்று என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்தவள் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமா, அம்மாவின் தம்பி. சத்தியவேட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. திருத்தணியில் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் அவருக்குத் தண்ணீர் பைக், அதாவது ஜெட் ஸ்கீ, வாங்கும் ஆசை வந்தது. பிச்சாட்டூர் அணைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் கூட்டத்தை அதில் ஏற்றி ஒரு சுற்று சுற்றினால் வேலையையே விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டார். அனுமதியெல்லாம் வாங்கியாயிற்று என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை.

கடலோரத்தில் மூடிக் கிடந்த ஒரு விடுதியில் அப்படி ஒரு பழைய வண்டி விலைக்கு வந்தது. விஜயபுரத்துப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பம்புசெட்டும் டிராக்டரும் பழுது பார்ப்பவர் நைனா. இன்ஜினைப் பார்க்க அவரை அழைத்துப் போனார் மாமா. பள்ளி விடுமுறை என்பதால் நானும் குட்டியானை லோடு வண்டியின் முன்சீட்டில் தொற்றிக்கொண்டேன்.

விடுதிக் காவல்காரர் தார்ப்பாயை உருவி, "மஞ்சி பண்டி சார், நல்ல வண்டி" என்றார். மஞ்சளும் கறுப்புமாகப் பளபளவென்றிருந்தது. மாமா அதன்மேல் ஏறி உட்கார்ந்து, என்னைப் படம் எடுக்கச் சொன்னார். நைனா அவரை இறக்கிவிட்டு, சீட்டைக் கழற்றி உள்ளே கை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"இன்னாய்யா, இவ்ளோ சூடா கீது?"

இப்போதுதான் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்ததாகத் தெலுங்கில் இழுத்தார் காவல்காரர். நைனா என்னிடம் குனிந்து, "ஆறிப்போன இன்ஜினைத்தான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும் பாப்பா. அப்பதான் அதோட நோவு தெரியும். நாம வர்றதுக்குள்ள சூடு பண்ணி வெச்சிகினு கீறாங்க" என்றார். பிறகு பிளக்குகளைக் கழற்றினார். உப்புப் பூத்துத் துரு ஏறியிருந்தது. கடைசியாக, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி வெளிச்சத்தில் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், பால் ஊற்றிய டீயின் நிறத்தில் நுரைத்திருந்தது.

"வேணாம் மச்சான். ஆயில்ல தண்ணி பூந்துகிச்சு. நாலு நாள் ஓடும், அஞ்சாம் நாள் நின்னுபூடும்."

"டீசல் இன்ஜின் வேற, இது வேற மாமா."

"இன்ஜின் எல்லாம் இன்ஜின்தான்."

"பொண்ணு வீட்ல வாங்கிட்டேன்னு சொல்லிட்டேன் மாமா" என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

திரும்பும்போது மாமா வாங்கிய அந்தத் தண்ணீர் பைக், குட்டியானையின் பின்தட்டில் கயிற்றால் கட்டப்பட்டு வந்தது.

அது நாலு நாள்கூட ஓடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பெண்ணின் அப்பாவைக் கரையில் நிறுத்திவிட்டு மாமா அணைக்குள் பாய்ந்தார். ஒரு சுற்று முடிவதற்குள் வெள்ளைப் புகை கக்கி நட்டநடுவில் நின்றது. மீன்பிடிக்கிறவர்கள் பரிசலில் கட்டி இழுத்து வந்தார்கள். கரையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

மத்தியானம் எங்கள் வீட்டில் விருந்து. கூடத்தில் உட்கார்ந்ததும் அவர் கேட்டார்: "வாங்கறதுக்கு முன்னால இன்ஜினை யாரும் பாக்கலையா?"

மாமா நிமிரவே இல்லை. "மாமாதான் பாத்தாரு. நல்லா கீதுன்னு சொன்னாரு."

"இல்ல! நைனா வேணாம்னு சொன்னாரு! நான் கேட்டேன்!" என்று கத்தினேன்.

நைனா என்னைப் பார்த்தார். "பாப்பா, வெளிய போய் வெளையாடு. நான்தான் சொன்னேன்."

ஓடினேன், விளையாட அல்ல. வாசலில் நின்ற குட்டியானையில் ஏறி, அதில் கட்டிக் கிடந்த தண்ணீர் பைக்கின் சீட்டை நைனா செய்ததைப் போலவே கழற்றி, கம்பியை உருவிக்கொண்டு வந்து, விருந்தாளியின் முகத்துக்கு நேராக நீட்டினேன். டீ நிறத்து ஆயில் கூடமெல்லாம் சொட்டியது. "இத பாத்துட்டுத்தான் வேணாம்னாரு!"

நைனா எழுந்து வந்து என் கையிலிருந்து கம்பியை வாங்கினார். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். "இதை நான் பாக்காம உட்டுட்டேங்க. தம்பி மேல தப்பில்ல. என்னை நம்பி வாங்கிட்டாரு."

"பம்புசெட்டு பாக்கறவரை நம்பினா இப்படித்தான் ஆவும்" என்றார் பெண்ணின் அப்பா. குரல் இறங்கியிருந்தது. மாப்பிள்ளைமேல் இருந்த கோபம் நைனாமேல் போய்விட்டது. கல்யாணமும் நின்றுபோகவில்லை.

பேச்சு ஊருக்குள் பரவியது. சில மாதம், மோட்டார் நின்றால் எங்கள் வாசலைத் தாண்டி நகரிக்கு எடுத்துப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, "உங்க நைனாவுக்கு இன்ஜின் பாக்கவே தெரியாதாமே" என்றாள். அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்ததற்காக வகுப்பு வாசலில் முட்டி போட்டேன். நைனாவோடு நான் இரண்டு வாரம் பேசவில்லை. உண்மையைச் சொன்ன என்னைப் பொய்க்காரி ஆக்கியது அவர்தானே! மாமாவைவிட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகமாக இருந்தது.

அம்மாமேலும் ஆத்திரம்தான். அன்று கூடத்தில் அத்தனை நடந்தபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை. சமையலறைக் கதவைப் பிடித்தபடி தம்பியைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள், தரையில் சிந்திய ஆயிலைப் பார்த்தாள். பிறகு இலை போட்டார்கள். பெண்ணின் அப்பா, மாமா, ஓரத்தில் நைனா. சோற்றுத் தட்டோடு வந்த அம்மா, சம்பந்தியாகப் போகிறவரைத் தாண்டினாள், தம்பியைத் தாண்டினாள், நேராகப் போய் முதலில் நைனாவின் இலையில் பரிமாறினாள். நெய்யையும் அவளே ஊற்றினாள். நைனா தலையைத் தூக்காமல் பிசைந்தார். விருந்தாளிக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

கதவோரம் நின்று நான் பல்லைக் கடித்தேன். பொய் சொன்னவருக்கு முதல் சோறா என்று.