சான் ஜிமிஞானோ: பாதியில் இறங்கிய கோபுரம்

என் அண்ணா நோர்வேயின் வடகோடியில் உள்ள ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து இந்த வருடம் ஓய்வு பெற்றவர். கல்யாண வீடு, செத்த வீடு தவிர வேறெதற்கும் விமானம் ஏறாத மனுசன், "எங்கையாவது சும்மா போவம்" என்று கேட்டது எனக்குப் புதினமாக இருந்தது. நான் ஒஸ்லோவில் பாலர் பள்ளி ஆசிரியை. ஒக்டோபரில் ஒரு வார விடுமுறை கிடைத்ததும் இருவரும் இத்தாலிக்குப் புறப்பட்டோம்.

ஒஸ்லோவிலிருந்து பீசாவுக்கு நேரடி விமானம், ஏறக்குறைய மூன்று மணி நேரம். அங்கிருந்து ரயிலில் எம்பொலியில் மாறி பொஜிபொன்சி, பிறகு இருபத்தைந்து நிமிடப் பேருந்து. சான் ஜிமிஞானோ மலைமேல் உள்ள சிறிய ஊர். மத்திய காலத்தில் பணக்காரக் குடும்பங்கள் போட்டிக்குக் கட்டிய கோபுரங்களில் பதினான்கு இன்னும் நிற்கின்றன. அவற்றில் பெரியது ஐம்பத்து நான்கு மீற்றர், இருநூற்றுப் பதினெட்டுப் படிகள். அருங்காட்சியகத்துடன் சேர்த்து நுழைவுச்சீட்டு பத்து யூரோ. ஏறவேண்டும் என்றது அண்ணாதான்.

உள்ளே இரும்புப் படிகள். இடைவெளிகளால் கீழே தெரியும். பாதி தாண்டியதும் அண்ணா நின்றுவிட்டார். கம்பியைப் பிடித்த கை வெளிறியிருந்தது.

"நெஞ்சு நோகுதோ அண்ணா?"

"இல்லை. கால் எடுக்க ஏலாமல் கிடக்கு, பிள்ளை. பயமாக் கிடக்கு."

அந்தச் சொல்லை அவர் வாயால் நான் அதுவரை கேட்டதில்லை. பின்னால் வந்த ஜெர்மன் தம்பதி ஒன்றும் கேட்காமல் கீழே இறங்கி வழிவிட்டார்கள்.

"கீழை பார்க்காதேங்கோ. படியைப் பார்த்தபடி பின்பக்கமா இறங்குவம். நான் கீழை நிக்கிறன்."

பள்ளி முற்றத்துக் கயிற்று ஏறுவலையில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளை அப்படித்தான் இறக்குவேன். ஒவ்வொரு படியிலும் அவர் குதிகாலைப் பிடித்து வைத்தேன். அரை மணி நேரம் எடுத்தது.

ஊர்ச் சதுக்கத்துக் கிணற்றுப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபின் அவராகவே கதைத்தார்.

"இந்த முறை எண்டாலும் ஏறிப்போடுவன் எண்டு நினைச்சன். பக்டரியிலை ஒருக்கா மேல்தளத்து வேலைக்குக் கூப்பிட்டவை. ஏணியாலை ஏறவேணும். முதுகு நோ எண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப உங்கடை முதுகு?"

"ஒண்டுமில்லை."

இருபது வருடமாக அண்ணி அவரை ஓர் அரிசி மூட்டை தூக்க விட்டதில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்சம் பொறுத்து அவரும் சிரித்தார்.

அடுத்த நாள் பக்கத்து மலையூரான வொல்தெர்ரா. பதின்மூன்றாம் நூற்றாண்டு நகர மண்டபத்தையும் மதிலையும் தரையில் நின்றே பார்த்தோம். ஒன்றும் குறையவில்லை.

போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்குமுன் ஊருக்குள் போய்விடுங்கள், பிறகு சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பேருந்து குறைவு. சீட்டு வாங்குமுன் கூட வருபவரிடம் உயரம் பயமா என்று கேளுங்கள், கூடப்பிறந்தவராக இருந்தாலும்.

இதை எழுதலாமா என்று பீசா விமான நிலையத்தில் அண்ணாவிடம் கேட்டேன்.

"எழுது. முதுகுக் கதையையும் எழுது. அண்ணிக்கு நான் நேரை சொல்லுறதிலும் பாக்க, அவ வாசிச்சு அறியிறது எனக்குச் சுகம்."